தண்ணீர் டேங்க்குக்கு லோரா: 433, 868, 915-இல் எதற்கு லைசென்ஸ் வேண்டாம்?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடி டேங்க்கின் நீர்மட்டத்தைப் பார்த்து, கீழே சம்ப் மோட்டாரை ஆன், ஆஃப் செய்ய லோரா (குறைந்த பவரில் தூரம் போகும் ரேடியோ) மாட்யூல் போடப் போகிறேன். ரிச்சி தெருவில் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் மூன்றும் கிடைக்கின்றன. எதற்கு லைசென்ஸ் தேவையில்லை?

பதில்:

868 என்று விற்பதை வாங்குங்கள். ஆனால் அதை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் ஓட்டுங்கள். தனி லைசென்ஸ் வேண்டாம்.

2005-இல் 865–867 பேண்டுக்கு லைசென்ஸ் விலக்கு வந்தது; 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். நிபந்தனைகள் மூன்று: டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட், ஆன்டெனா கூட்டித் தருவதையும் சேர்த்தால் 4 வாட் (இதைத்தான் ஈ.ஆர்.பி. என்பார்கள்), கேரியர் அகலம், அதாவது சிக்னல் பிடிக்கும் இடம், 200 கிலோஹெர்ட்ஸ். பவரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் வழுக்குவது அகலத்திலும் அலைவரிசையிலும்தான்.

முதலில் அகலம். லோராவில் 125 கிலோஹெர்ட்ஸ் போட்டால் சரி. 250, 500 இரண்டும் வரம்பைத் தாண்டிவிடும். லோராவில் செய்தி அனுப்பும் மெஷ்டாஸ்டிக் ஃபர்ம்வேரில் ரீஜனை இந்தியா என்று வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் வழக்கமான லாங் ஃபாஸ்ட் செட்டிங் 250 கிலோஹெர்ட்ஸ். 125-இல் ஓடும் செட்டிங்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து அலைவரிசை. லோராவான் என்ற லோரா நெட்வொர்க் முறையின் ஐரோப்பிய சேனல்கள் 868.1, 868.3, 868.5. மூன்றுமே நம் எல்லைக்கு வெளியே. இந்தியாவுக்கான ஐ.என். 865 பிளானில் 865.0625, 865.4025, 865.985. ஆர்டுயினோ லோரா லைப்ரரியின் உதாரண நிரலில் 915E6 (915 மெகாஹெர்ட்ஸ்) என்றுதான் இருக்கும். அதை அப்படியே காப்பி செய்து ஓட்டினால், செல்போன்கள் டவருக்குப் பேசும் 890–915 பேண்டின் விளிம்பில் போய் உட்காருவீர்கள். இந்தியாவில் 915-க்கு விலக்கு கிடையாது. 868, 915 மாட்யூல்களில் சிப் ஒன்றுதான், 865-க்கு ட்யூன் செய்தால் போதும். ஆனால் 915 ஆன்டெனாவை விட்டுவிடுங்கள்: கால் அலை கம்பி 865-க்கு சுமார் 8.7 செ.மீ., 915-க்கு 8.2.

433 விலை குறைவு, ரா-02 என்ற 433 மாட்யூல் எல்லாக் கடையிலும் தொங்கும். ஆனால் 433–434-க்கான விலக்கு கட்டடத்துக்குள்ளான பயன்பாட்டுக்கு; 10 மில்லிவாட், 10 கிலோஹெர்ட்ஸ், உள்ளமைந்த ஆன்டெனா. மொட்டை மாடியில் 125 கிலோஹெர்ட்ஸ் லோரா இதில் எந்தக் கணக்கிலும் வராது. அகலத்தை 7.8 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைக்கலாமே என்றால், அலைவரிசையை நிலையாக வைக்கும் சாதாரண கிறிஸ்டல் சென்னை வெயிலில் நகர்ந்துபோய் இரண்டு முனையும் ஒன்றையொன்று கேட்காது. ரா-02-ஐ மென்பொருளில் 865-க்குத் தள்ளுவதும் வேலைக்காகாது. சிப்பை ஆன்டெனாவோடு பொருத்தும் அதன் மேட்சிங் சர்க்யூட்டே 433-க்கானது. அதே கம்பெனியின் 868-க்கான ரா-01எச் கேளுங்கள்.

பவர் கணக்கு: சாதாரண லோரா சிப்பான எஸ்.எக்ஸ். 1276 அதிகபட்சம் 20 டி.பி.எம். (பவரை அளக்கும் அலகு), அதாவது 100 மில்லிவாட். நாலு மாடிக்கு 14 டி.பி.எம். தாராளம். 1 வாட் (30 டி.பி.எம்.) மாட்யூலோடு 8 டி.பி.ஐ. (ஆன்டெனா கூட்டித் தரும் அளவு) ஃபைபர் ஆன்டெனா போட்டால்: ஈ.ஆர்.பி. கணக்குக்காக 8-இலிருந்து 2.15 கழித்து 30-உடன் கூட்டினால் 35.85 டி.பி.எம்., 4 வாட் வரம்பான 36-க்கு மயிரிழை கீழே. 12 டி.பி.ஐ. யாகி போட்டால் 39.85, மாட்யூல் பவரை 26-க்கு இறக்கியாக வேண்டும். ஆன்டெனா மாட்டாமல் மட்டும் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், பவர் ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம்.

லைசென்ஸ் விலக்கு என்பது பயன்படுத்துவதற்கு. கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. (அலைவரிசைகளைக் கவனிக்கும்) பிரிவு தரும் ஈ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் சான்று வேறு. கடைக்காரரிடம் கேட்டு, மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கஸ்டம்ஸ் இதைத்தான் கேட்கும், பார்சல் தேங்கும். வாட்ச்மேனுக்கு வாக்கி-டாக்கி வாங்கும் அசோசியேஷனுக்கும் இது பொருந்தும்: 446.0–446.2-க்கு விலக்கு உண்டு, ஆனால் 136 முதல் 520 வரை எதையும் புரோகிராம் செய்யும் சீன செட்டை 446-இல் வைத்துவிட்டால் விலக்கு கிடைத்துவிடாது.

விலக்கில் இன்னொரு வரி உண்டு: யாருக்கும் இடைஞ்சல் தரக்கூடாது, பிறரால் வரும் இடைஞ்சலுக்குப் பாதுகாப்பும் கேட்க முடியாது. காருக்கு ஸ்டிக்கர் ஒட்டித் திறக்கும் கேட் உங்கள் அபார்ட்மென்டில் இருந்தால் அதன் ரீடரும், ஃபாஸ்டேகைப் போலவே, இதே பேண்டில்தான். பக்கத்து மாடியில் 850 பேண்ட் டவர் இருந்தால் அது 869-இலிருந்து மேலே ஒலிபரப்பும், உங்கள் ரிசீவர் பாதி செவிடாகும். அதனால் 868-ஐ ஒட்டாமல் 865 பக்கமே இருங்கள். எஸ்.எஃப். என்பது சிக்னலை எவ்வளவு நீட்டி அனுப்புவது என்ற லோரா செட்டிங்: எஸ்.எஃப். 7-இல் 10 பைட் பாக்கெட் சுமார் 41 மில்லி விநாடியில் முடியும், எஸ்.எஃப். 12 கிட்டத்தட்ட 1 விநாடி எடுக்கும், நடுவில் மோதல் நடக்க அவ்வளவு வாய்ப்பு. ஆன்டெனாவை டேங்க் மூடிக்கு அடியில் வைக்காமல் வெளியே செங்குத்தாக நிறுத்துங்கள்.

பாக்கெட் தொலையும் என்று வைத்தே நிரலை எழுதுங்கள்: மோட்டார் ஓடும்போது 10 விநாடிக்கு ஒன்று, தொடர்ந்து 3 வரவில்லையென்றால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். டேங்க் நிரம்பி வழிவதற்கு லோராவை மட்டும் நம்பாமல், மேலே ஒரு ஃப்ளோட் வால்வும் போட்டுவிடுங்கள்.