விவசாயி மேஜைக்கு வந்து நின்னாலே எரிச்சல் வருதுக்கா

கேள்வி: அக்கா, வயசு 34, திருவாரூர் மாவட்டத்துல ஒரு பேங்க் கிளையில விவசாயக் கடன் பாக்கற அக்ரி ஆபீசரா இருக்கேன். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வருது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, அப்புறம் தூக்கமே இல்ல. சாயங்காலம் கடன் வசூல் என்னாச்சுன்னு மேலிடத்துலேர்ந்து கேக்கற ரிவ்யூ காலுக்கு போன் அடிச்சாலே வயிறு கலக்குது. பையன சும்மா சும்மா திட்டுறேன். விவசாயி யாராவது மேஜைக்கு வந்து நின்னாலே எரிச்சல் வருது, இத்தனைக்கும் நானே விவசாயி வீட்டுப் பொண்ணு. வேலைய விட்டுடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: எரிச்சல் வருதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிய மூணு தடவ படிச்சேன்மா. தூக்கம் போனத விட அதுதான் உங்கள ரொம்ப பயமுறுத்தியிருக்கு, நாம கெட்டவளா மாறிட்டோமோன்னு. மாறல. உலக சுகாதார நிறுவனம் 2019ல பர்ன்அவுட்ங்கறத நோய்னு சொல்லாம, சமாளிக்காம விட்ட வேலை அழுத்தத்தால வர்ற நிலைன்னுதான் சொன்னாங்க. ஆளு ஓஞ்சு போயிடறது, செய்யற வேலை மேலயே வெறுப்பு வந்து மனசு விலகிடறது, என்ன செஞ்சும் உருப்படியா ஒண்ணும் நடக்கலையேன்னு தோணுறது, இதெல்லாம்தான் அதோட அடையாளம். உங்க எரிச்சல் அந்த ரெண்டாவது. நாள் பூரா அடுத்தவங்க கஷ்டத்த கேட்டு கேட்டு, ஒண்ணும் பண்ண முடியாம போன மனசு தன்ன காப்பாத்திக்க கதவ சாத்திக்குது, உள்ள ஈரம் இருக்கறதாலதான் சாத்துது.

வேலை ஜாஸ்தியா இருக்கறது மட்டும் ஆள இப்படி உருக்காது. 1979ல ராபர்ட் கராசெக்னு ஒருத்தர் எழுதினாரு, வேலையோட நெருக்கடி அதிகம், ஆனா அதுல முடிவெடுக்கற அதிகாரம் கம்மின்னா அங்கதான் ஆளுக்கு அழுத்தம் கூடுதுன்னு. உங்க மேஜைய நினைச்சு பாருங்க. மேட்டூர் தண்ணி உங்க கையில இல்ல. குறுவை அறுக்கற நேரம் பாத்து ஐப்பசி மழை கொட்டுது, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டினா மூட்டைய எடுக்க யோசிக்கறாங்க, நெல்லு ரோட்டுல தார்ப்பாய்க்கு அடியில கிடந்து முளைக்குது, இதுல எதுவும் உங்க கையில இல்ல, ஆனா அந்த விவசாயியோட கடன் பாக்கி மட்டும் லிஸ்ட்ல உங்க பேருக்கு நேரா நிக்குது. இதுக்கு யாருக்குத்தான் தூக்கம் வரும்?

நானும் ஒரு ஆபீஸ்ல கடன் பிரிவுல பல வருஷம் இருந்தவ. வேலையே புடிக்கலன்னுதான் நானும் நினைச்சேன். அப்புறம் ஒரு நோட்டுல ரெண்டு வாரம் எழுதி வச்சேன், எப்ப நெஞ்சு அடிச்சுது, அதுக்கு சரியா முன்னாடி என்ன நடந்துச்சுன்னு. பாத்தா முக்கால்வாசி நாள் ஒரே போன்தான், ஒரே கேள்விதான். மொத்த வேலையும் இல்லடா சாமின்னு தெரிஞ்சதே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. நீங்களும் இன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்டு போடுங்க.

உங்களுக்கும் அந்த ரிவ்யூ கால்தான்னு எனக்கு படுது. அப்படின்னா வெறும் கையோட அதுல உக்காராதீங்க. மதியமே பாக்கி லிஸ்ட்ட பிரிச்சு எழுதிடுங்க, இவங்க கட்டுவாங்க, இவங்களுக்கு நெல்லு பணம் வந்தா கட்டுவாங்க, இவங்களுக்கு பயிரே போச்சுன்னு. பயிர் போனவங்க கடன மாத்தி அமைக்க ரிசர்வ் வங்கி வழி வச்சிருக்கறது உங்களுக்கு தெரியாததில்ல, அந்த பேர்கள மேனேஜருக்கு எழுத்துல குடுத்துடுங்க. வாயால சொன்னா அது உங்க சாக்கு, எழுதிக் குடுத்தா அது கிளையோட கணக்கு.

உடம்ப விட்டுடாதீங்க. முதல்ல தைராய்டு, ரத்தத்துல ஹீமோகுளோபின், சுகர், பிரஷர் பாத்துடுங்க, படபடப்புக்கு தைராய்டோ ரத்த சோகையோ கூட காரணமா இருக்கலாம், அத விட்டுட்டு மனசுதான்னு மனசையே குத்தம் சொல்லிட்டு இருக்கக் கூடாது. சாயங்காலம் குடிக்கற டிகிரி காபிய மத்தியானம் ரெண்டு மணியோட நிறுத்துங்க, நம்ம ஊர்ல இது பெரிய தியாகம்தான், ஆனா காபியில இருக்கற கஃபீன் பாதி குறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும்மா. மூணு மணிக்கு முழிப்பு வந்தா மணிய பாக்காதீங்க, போன தொடாதீங்க, மூச்ச உள்ள இழுக்கறத விட வெளிய விடறத மெதுவா நீளமா விடுங்க, ஒரு அஞ்சு நிமிஷம், நெஞ்சுத்துடிப்பு கொஞ்சம் தணியும்.

அப்புறம் பையன் விஷயம். உங்க அப்பா வயல்ல பயிர் மஞ்சளடிச்சா தண்ணி கட்டி நிக்குதான்னு வடிகால போய் பாப்பாரு இல்லையா, உங்களுக்கு வடிகாலே இல்ல, ஆபீஸ்ல வாய மூடிட்டு இருந்தது அப்படியே வீட்டு வாசப்படியில வந்து உடையுது. பஸ்ஸ விட்டு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வாய்க்கா கரையில பத்து நிமிஷம் நடந்து வீட்டுக்கு போங்க, மழை நாள்ல கோயில் பிரகாரத்துல. திட்டிட்டா அன்னிக்கே அவன்கிட்ட, "அம்மாவுக்கு ஆபீஸ்ல கஷ்டம்டா, உன் மேல தப்பில்ல"ன்னு சொல்லிடுங்க, பிள்ளைங்களுக்கு புரியும்.

இத்தனையும் செஞ்சு ரெண்டு மூணு வாரத்துல தூக்கம் திரும்பலன்னா, இல்ல வாழவே வேண்டாம்னு ஒரு நொடி தோணினா கூட, அன்னிக்கே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல மனநலப் பிரிவு இருக்கு, யாராவது பாத்துடுவாங்களேன்னு யோசிக்காதீங்க, பல்வலிக்கு போறதில்லையா அது மாதிரிதான்.

வேலைய விடறத பத்தி இப்ப முடிவெடுக்காதீங்கம்மா, தூக்கம் கெட்ட ஆளு எடுக்கற முடிவு அது. சம்பா அறுவடை முடியட்டும், மார்ச் குளோசிங்கும் போகட்டும், அதுவரைக்கும் நோட்டுல என்ன சேந்திருக்குன்னு பாத்துட்டு டிரான்ஸ்பர் கேக்கறதா, விடறதான்னு பேசலாம். அப்ப எனக்கு மறுபடி எழுதுங்க, நோட்டுல இருக்கறதையும் சேத்து எழுதுங்க.