ஒரு சுவருக்கு எத்தனை நாள்?

கேள்வி: மறுமலர்ச்சிக் கால இத்தாலிய ஓவியர்கள் தேவாலயச் சுவர்களை முழுக்க வரைய எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள்? வாடிகனிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரைக்கு நான்கு ஆண்டுகள் என்கிறார்களே, அவ்வளவு நாளும் வரைந்துகொண்டேவா இருந்தார் மைக்கேலாஞ்சலோ? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. 1508இல் தொடங்கி 1512 அக்டோபர் 31 அன்று கூரை திறந்துவைக்கப்பட்டது. ஆனால் 1510இல் பாதி முடிந்த நிலையில் போப் இரண்டாம் ஜூலியஸ் போருக்குக் கிளம்பிவிட, பணம் வராமல் பல மாதங்கள் வேலை நின்றது. அதற்கு முன்பே ஒரு தடங்கல். ஆரம்பத்தில் வரைந்த பகுதியில் பூஞ்சணம் பூத்தது. ரோமாபுரிச் சுண்ணாம்பில் எரிமலை மண் கலந்த சாந்தில் தண்ணீர் அதிகமாகிவிட்டதுதான் காரணம். கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்காலோ சொன்ன பக்குவத்தால்தான் வேலை தொடர்ந்தது.

ஃப்ரெஸ்கோவில், அதாவது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையும் சுவரோவியத்தில், வேகத்தைத் தீர்மானிப்பது தூரிகை அல்ல, சாந்து. முதலில் சொரசொரப்பான அடிப்பூச்சு. அது காய்ந்தபின், அன்று வரைந்து முடிக்கக்கூடிய இடத்துக்கு மட்டும் மெல்லிய மேல்பூச்சு. முழு அளவுப் படத்தாளின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, ஈரப்பூச்சின் மேல் வைத்துக் கரித்தூள் பொட்டணத்தால் தட்டினால் கோடு இறங்கும். பிறகு தண்ணீரில் மட்டும் குழைத்த வண்ணம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதற்குள்ளேயே சிறைப்படுகிறது. இதற்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். காய்ந்த பூச்சில் வண்ணம் பிடிக்காது. ஆகவே மாலையில் மிஞ்சிய பூச்சைக் கரணையால் சாய்வாகச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். தவறு நேர்ந்தால் அந்தத் துண்டைக் கொத்தியெடுத்து மறுபடி பூச வேண்டியதுதான். வண்ணம் கீழே வழியும் என்பதால் வேலை எப்போதும் மேலிருந்து கீழே. உறைபனி நாட்களில் பூச்சு இறுகாது, வெடிக்கும்.

இந்த ஒருநாள் துண்டுக்கு ஜோர்னாத்தா என்று பெயர். வானமோ வெறும் சுவரோ என்றால் பெரிய துண்டு. முகம் என்றால் சிறியது. சிஸ்டைன் கூரையில் ஆதாமின் உருவம் முழுவதற்கும் நான்கே துண்டுகள்! அதே கூரையில் முதலில் வரைந்த பிரளயக் காட்சிக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது. கை பழகப் பழக வந்த வேகம் அது. பிற்காலத்தில் மைக்கேலாஞ்சலோ அதே சிற்றாலயத்தின் பீடச் சுவரில் வரைந்த 'இறுதித் தீர்ப்பு' சுமார் 450 துண்டுகள், 1536 முதல் 1541 வரை.

பட்டறை பெரிதென்றால் நிலைமை வேறு. ஃபிளாரன்ஸின் சான்டா மரியா நொவெல்லா ஆலயத்தில் ஓவியர் கிர்லாண்டயோ தம் தம்பிகளையும் உதவியாளர்களையும் வைத்துக்கொண்டு 1490க்குள் ஒரு சிற்றாலயத்தின் மூன்று சுவர்களையும் முடித்தார். நான்கு ஆண்டு என்று ஒப்பந்தத்திலேயே கெடு இருந்தது.

கேள்வி: இந்தத் துண்டுகளை இன்று எப்படி எண்ணுகிறார்கள்? (வாசகி, மதுரை)

பதில்: பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் இணைப்புகளின் மேடு நிழலாகத் தெரியும். பிந்திய நாளின் பூச்சு முந்தியதன் விளிம்பின் மேல் சற்றே ஏறியிருக்கும். அதிலிருந்து எது முதலில், எது பிறகு என்ற வரிசையும் கிடைக்கிறது. கெட்டிக்கார ஓவியர்கள் இணைப்பை உடையின் ஓரத்திலோ உருவத்தின் வெளிக்கோட்டிலோ ஒளித்துவைத்தார்கள். அஸுரைட் என்ற கனிமத்திலிருந்து எடுக்கும் நீலத்தை மட்டும் இப்படி எண்ண முடியாது. ஈரச் சுண்ணாம்பு அதற்கு ஒத்துக்கொள்ளாததால் சுவர் காய்ந்தபின் பசை சேர்த்துப் பூசினார்கள். பல ஆலயங்களில் மாதாவின் நீல அங்கி உதிர்ந்து கிடப்பதற்கும் அதுவே காரணம்.