"ஒண்ணும் பண்ணாதுங்க"

கேள்வி: நாய்களை அவிழ்த்துவிடும் பொதுப் பூங்காவில் உங்களுக்கு மோசமான அனுபவம் உண்டா? அதில் தப்பு நாயுடையதா, வளர்ப்பவருடையதா?

இரண்டு அனுபவம் உண்டு. முதலாவதில் கடிபட்டது என் நாய். இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

சிட்டு 9 கிலோ எடையுள்ள, என்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாத கலப்பு நாய். அப்போது அவளுக்கு 4 வயது. ஒரு காலை நேரம், பூங்காவில் கூட்டமே இல்லை. இரட்டைக் கதவைத் தாண்டி உள்ளே போய் லீஷைக் கழற்றினேன். சற்றுத் தள்ளி ஒரு பெரிய நாய் பந்தோடு விளையாடிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து உருண்டு வந்து சிட்டுவின் பக்கத்தில் நின்றது. இவள் போய் மோந்து பார்த்தாள்.

பெரிய நாய் உறுமவில்லை, குரைக்கவும் இல்லை. அப்படியே நின்றுவிட்டது. அதுவரை திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பியதில் ஓரத்து வெள்ளை தெரிந்தது. வால் மேலே விறைத்து நின்று, நுனி மட்டும் லேசாக ஆடியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. "உங்க நாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணும் பண்ணாதுங்க. வாலை ஆட்டுது பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். இடுப்போடு சேர்ந்து உடம்பே வளைந்து குழைந்தால் சந்தோஷம்தான். உடம்பு கட்டைபோல் நிற்க வால் மட்டும் ஆடினால் அது வேறு சங்கதி, உள்ளுக்குள் முறுக்கேறியிருக்கிறது என்று அர்த்தம். அவர் சொல்லி முடித்து ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. சிட்டுவின் தோள் அதன் வாயில் இருந்தது.

நான் செய்யக்கூடாததைச் செய்தேன்: இடையில் கையை விட்டேன். என் விரலைக் கடித்தது அந்த நாய் இல்லை, சிட்டு. சண்டையின் நடுவே நாய்க்குக் கை யாருடையது என்று தெரியாது, எது பட்டாலும் கடிக்கும். ஓங்கிச் சத்தம் போடலாம், தண்ணீரை ஊற்றலாம், பலகையோ தட்டியோ இருந்தால் இரண்டுக்கும் நடுவில் செருகலாம். அதுவும் பலிக்காவிட்டால், இரண்டு சொந்தக்காரர்களும் ஒரே நேரத்தில் அவரவர் நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் நகர வேண்டும். வாய் கவ்விப் பிடித்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். எப்படியும் இதற்கு இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு இரண்டாவது ஆள் பெஞ்சிலிருந்து எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே பார்த்தால் இரண்டு சின்னத் துளைகள். ரத்தம்கூட அதிகம் இல்லை. மருந்து போட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். நல்ல வேளை, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டினேன். மயக்கம் கொடுத்து, முடியை மழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தசையிலிருந்து பிய்ந்திருந்தது. நாயின் தோல் தளர்வானது. பல்லால் பிடித்து உதறும்போது தோல் பல்லோடு போய்வரும், அடியில் இருப்பது கிழியும். மேலே துளை மூடிக்கொண்டதும் உள்ளே சீழ் பிடிக்கும். சிட்டுவுக்குக் காயத்தைக் கழுவி, நீர் வடியக் குழாய் வைத்துத் தையல் போட்டார்கள். ஆகவே நாய்க் கடியைத் துளையின் அளவை வைத்து எடை போடாதீர்கள். என் விரலுக்கு நான் செய்தது சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவியது. பிறகு நானும் மருத்துவரைப் பார்த்தேன். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று விடக்கூடாது.

அன்று பூங்காவிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெரிய நாயின் சொந்தக்காரர் கதவு வரை வந்தார். "உங்க நாய்தான் பந்துக்கிட்ட போச்சு" என்றார். அது உண்மைதான், மறுக்கவில்லை. இதற்கு முன் இப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டேன். "யாரையும் கடிச்சதில்லை. சாப்பிடும்போது கிட்ட போனா உறுமும், அவ்வளவுதான்" என்றார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் அந்த "அவ்வளவுதான்" என்பதில் இருக்கிறது. தன் பொருளைக் காப்பது நாயின் இயல்பு, அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாய் வீட்டிலேயே தன் சுபாவத்தைச் சொல்லிவிட்டது. அதைக் கேட்ட ஒரே மனிதர், பத்து நாய் வந்துபோகிற இடத்துக்குப் பந்தையும் கையோடு கொண்டுவந்தார்.

சரி, இரண்டாவது அனுபவம்.

சிட்டுவுக்குப் பல வருடம் முன்பு என்னிடம் பீமா இருந்தான். 32 கிலோ, ஒன்றரை வயது, விடலைத் திமிர். மாலையில் பூங்காவுக்குப் போனால் ஒரு குட்டையான பழுப்பு நாயைத்தான் தேடுவான். அதைச் சுற்றிச் சுற்றித் துரத்துவான், மார்பால் முட்டிக் கவிழ்ப்பான், எழுந்தால் மறுபடி கவிழ்ப்பான். நான் நாலு பேரோடு அரட்டை அடித்தபடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். அந்த நாய் ஓடிப்போய் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதன் சொந்தக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள், "பயப்படுது தம்பி, கொஞ்சம் கூப்பிட்டுக்கப்பா" என்றார்.

"சும்மா விளையாடுறான்மா. ஒண்ணும் பண்ண மாட்டான்." சொன்னது நான்தான்.

உண்மையைச் சொன்னால், கூப்பிட்டாலும் பீமா வந்திருக்க மாட்டான். எனக்கு அது தெரியும். அதனால்தான் கூப்பிடவே இல்லை.

கொஞ்ச நாளில் அவர்கள் வருவது நின்றுவிட்டது. அப்புறம் ஒரு நாள் தெருவில் எதிரே வந்தார். பீமாவைக் கண்டதும் அந்தக் குட்டை நாய் லீஷை இழுத்துக்கொண்டு அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. "இப்ப எந்த நாயைப் பார்த்தாலும் இப்படித்தான் தம்பி" என்றார், எதிர்ப்பக்கத்துக்குப் போனபடியே. அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, தையல் இல்லை. யாரும் இதை ஒரு சம்பவம் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிட்டுவின் தோள் மூன்று வாரத்தில் ஆறிவிட்டது.

விளையாட்டா, வம்பா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது, அதைத் தாமதமாகத்தான் கற்றேன். துரத்துகிற நாயைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து நிறுத்துங்கள். துரத்தப்பட்ட நாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். "ஏன் நிறுத்திட்டே?" என்பதுபோல் திரும்பி வந்தால் அது விளையாட்டு. போதுமடா சாமி என்று விலகிப் போனால் இல்லை. இன்னும் ஒன்று: நிஜ விளையாட்டில் முறை மாறும், இவன் துரத்தினால் அடுத்து அவன் துரத்துவான். நடுநடுவே நின்று மூச்சு வாங்கும். முன்னங்காலைத் தரையில் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி மறுபடி அழைக்கும். பீமாவின் ஆட்டத்தில் இதில் ஒன்றுகூட இருந்ததில்லை.

கூப்பிட்டால் வராத நாயை அவிழ்த்துவிடும் உரிமை எனக்கு இல்லை என்பதை அதன்பிறகுதான் ஒப்புக்கொண்டேன். பருவத்தில் இருக்கும் பெண் நாயை அழைத்து வராதீர்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். பெரும்பாலும் குட்டிக்கு 16 வார வயது தாண்டித்தான் அது முடியும், குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அப்புறம் கக்கா. அதை அள்ளுவது வெறும் நாகரிகம் என்று நினைத்திருந்தேன். நாயின் உருண்டைப் புழு முட்டைகள் வெளியே வந்தவுடன் தொற்றாது, அதற்குச் சில வாரம் ஆகும். உடனே அள்ளிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. விட்டுவிட்டால் மண்ணில் கலந்து வருடக்கணக்கில் இருக்கும். அந்த மண்ணில் விளையாடிய கை வாய்க்குப் போனால் குழந்தையின் கண்பார்வையையே அது பாதிக்கக்கூடும்.

இப்போதும் சிட்டுவோடு போகிறேன், தினமும் இல்லை. உள்ளே போகுமுன் வேலிக்கு வெளியே ஐந்து நிமிடம் நிற்பேன். நாய்களைவிட மனிதர்களைத்தான் அதிகம் பார்ப்பேன். எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தால் அப்படியே நடையைக் கட்டிவிடுவேன்.

போன வாரம் கதவருகே நிற்கும்போது ஒரு பெரிய குட்டி எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. தூரத்திலிருந்து ஒரு பையன் கத்தினான்: "ஒண்ணும் பண்ணாது அங்கிள்!"

"எனக்குத் தெரியும் தம்பி, இவளுக்குத் தெரியாதே. கொஞ்சம் கூப்பிட்டுக்கோ."

மூன்று தடவை கூப்பிட்டான். அது வரவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது. அரட்டை அடித்துக்கொண்டிருந்த நண்பர்களை விட்டுவிட்டு, பூங்காவின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து லீஷை மாட்டி அழைத்துப் போனான். சிட்டு அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, நனையாத உடம்பை நனைந்த மாதிரி தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறிவிட்டு, கதவைப் பார்த்து நடந்தாள்.