அந்தி ரேடியோ: வாசகர் கேள்வி – பதில்

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன், வால்வு என்ற கண்ணாடிக் குழாய்களால் ஓடிய ரேடியோ காலத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்க அப்பாரு காலத்துல தோட்டத்துச் சாளைக்குக் கரண்டே இல்லீங்க. ஆனா பொழுது சாஞ்சா ரேடியோ பாடும்னு சொல்றாங்க. எதுல ஓடுச்சு? – பல்லடம் வாசகர்

பேட்டரியில்தான். பைக்காரா மின்சாரம் 1930-களிலேயே கோவைக்கு வந்துவிட்டது. காடு தோட்டங்களுக்குக் கம்பி வந்துசேர மேலும் பல வருடம் ஆனது. அதுவரை பேட்டரி செட்டுதான் வழி.

1930-களின் செட்டுக்கு மூன்று பேட்டரி வேண்டும். வால்வின் இழை சூடாக 2 வோல்ட் ஆசிட் பேட்டரி, வால்வின் தகட்டுக்கு 120 வோல்ட் உலர் பேட்டரி, வால்வுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலையான கிரிட்டுக்கு 9 வோல்ட் சிறு பேட்டரி. அந்த 120 வோல்ட் கட்டைக்குள் ஒன்றரை வோல்ட் செல்கள் 80 வரிசையாக இருக்கும்.

ஆசிட் பேட்டரி எத்தனை நாள் வரும் என்பது எளிய கணக்கு. நாலு வால்வு செட்டின் இழைகள் சேர்ந்து சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஏட்டுக் கணக்கில் 80 மணி நேரம். நடைமுறையில் 60, 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டால் ஒரு மாதம் ஓடும். பிறகு டவுனில் சார்ஜ் போடும் கடைக்குப் போக வேண்டும். 4 ஆம்பியரில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் இரவு அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதனால் பேட்டரி இரண்டாக வைத்திருந்தவர்கள் வீட்டில்தான் ரேடியோ இடைவிடாமல் பாடியது.

வோல்ட் 1.8-க்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் பாடுதே" என்று இழுத்து, தீர்ந்ததை அப்படியே மூலையில் வைத்தால் ஈயத் தகட்டில் வெள்ளை படியும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. அந்தக் காலப் பேட்டரிகள் பெரும்பாலும் இப்படித்தான் செத்தன, வயதாகி அல்ல.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1ஆர்5, 1டி4, 1எஸ்5, 3எஸ்4 என்ற சிறு வால்வுகள் வந்தன. நாலும் சேர்ந்தே கால் ஆம்பியர்தான். 1.4 வோல்ட், 90 வோல்ட் இரண்டும் உலர் பேட்டரியிலேயே கிடைத்ததால் ஆசிட் தொல்லை ஒழிந்தது. ஆனால் புது ஆபத்து ஒன்று வந்தது. 90 வோல்ட் ஒயரை 1.4 முனையில் மாற்றி மாட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் நாலு வால்வும் போய்விடும். அதைத் தடுக்கத்தான் இரண்டு பிளக்கையும் வேறு வேறு வடிவில் செய்தார்கள்.

பேட்டரி செட்டு நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே "பட பட" என்று மோட்டார் ஓடுவதுபோல் சத்தம் வருமாமே? – காங்கேயம் வாசகர்

உயர் வோல்ட் பேட்டரி பழசாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். செல்கள் காயக் காய பேட்டரியின் உள்தடை ஏறும். கடைசி வால்வு கரண்டை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் முன் வால்வுகளுக்குப் போகும் வோல்ட் ஆட, அந்த ஆட்டம் பெரிதாகித் திரும்ப வரும். பேட்டரிக்குக் குறுக்கே 2 முதல் 8 மைக்ரோஃபாரட் கண்டென்சர் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு, கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள்) ஒன்றைப் போட்டால் இன்னும் சில வாரம் தள்ளலாம். அதற்குமேல் புது பேட்டரிதான்.

சென்னை நிலையம் 1938-லேயே வந்துவிட்டது. கொங்கு நாட்டில் அதைக் கேட்க முடிந்ததா? – பெருந்துறை வாசகி

முடிந்தது, ஆனால் சிற்றலையில் (ஷார்ட் வேவ்). சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல் தொடங்கியபோது அதன் மத்திய அலை (மீடியம் வேவ்) டிரான்ஸ்மிட்டர் வெறும் கால் கிலோவாட். அது நகரத்துக்கு மட்டும் போதும். வெளியூருக்கென்று 10 கிலோவாட் சிற்றலை இருந்தது. அடுத்த ஆண்டு 1939 மே 16-ல் 5 கிலோவாட் மத்திய அலையோடு திருச்சி வந்தது. சாதாரண மத்திய அலை செட்டு வைத்திருந்த ஈரோடு, கரூர்ப் பக்கத்து வீடுகளுக்கு அதுதான் உண்மையான தொடக்கம். கோவைக்கு நிலையம் 1966 டிசம்பரில்தான் வந்தது.

பகலில் முனகிய நிலையம் அந்திக்குப் பின் தெளிவாகக் கேட்பது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தரைக்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், வெயிலால் உண்டாகும் அயனிப் படலம் ஒன்று மத்திய அலையை உறிஞ்சிக்கொள்கிறது. பொழுது சாய்ந்ததும் அது கலைந்துவிடும். அலை இன்னும் மேலே போய் அங்கிருந்து திரும்பி வரும். அதனால்தான் இரவில் தூரத்து நிலையமெல்லாம் வந்து சேர்ந்தது. தரையோடு வரும் அலையும் மேலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் விளையாடுவதால் சத்தம் ஏறி இறங்கும். அது செட்டின் பழுது அல்ல. குமிழைத் திருகித் திருகிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். ஒரு நிமிடம் பொறுத்தால் தானே வரும்.

சிற்றலையில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பகலில் 41 மீட்டர் அலைநீளத்தில் கணீரென்று வந்த நிலையம் இருட்டியதும் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். அப்போது 49 அல்லது 60 மீட்டரில் தேட வேண்டும். சித்திரை, வைகாசி அந்தியில் கேட்கும் சடசடப்பு இடி மேகத்தின் சத்தம். அதற்கு எந்தச் செட்டிலும் மருந்து இல்லை.

பழைய செட்டுக்கு ஏரியலும் எர்த்தும் நாங்களே கட்ட ஆசை. முறையாகச் சொல்லுங்கள். – அந்தியூர் வாசகர்

நல்ல கேள்வி. 300 ரூபாய் செட்டை நல்ல ஏரியலில் மாட்டினால், ஒரு முழ ஒயரில் தொங்கும் 600 ரூபாய் செட்டைவிட நன்றாகப் பாடும். இது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

செம்புக் கம்பி, இறங்கும் ஒயரையும் சேர்த்து 60 முதல் 80 அடி போதும். தரையிலிருந்து 30 அடி உயரம் இருந்தால் நல்லது. இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர் இரண்டிரண்டு கோத்துக் கட்டுங்கள். ஒரு முனையைத் தென்னையில் கட்டுவதானால் இறுக்கிக் கட்டாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் மரத்தை ஆட்டும் ஆட்டத்துக்குக் கம்பி அறுந்துவிடும். மரத்தில் சிறு கப்பி மாட்டி, கயிற்றை அதன் வழியே விட்டு, நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் சாயும்போது கல் ஏறும், நிமிரும்போது இறங்கும், கம்பி எப்போதும் ஒரே இழுப்பில் இருக்கும்.

இறங்கும் ஒயரைக் கம்பியில் முறுக்கி மட்டும் விடக் கூடாது. ஒரு மழைக்காலத்தில் பச்சைக் களிம்பு ஏறி, காற்றடிக்கும்போதெல்லாம் கரகரக்கும். ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகும்போது வெளிமுனை தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் ஒயர் வழியே வரும் மழைத்தண்ணீர் செட்டு மேலேயே சொட்டும். கரண்டுக் கம்பிக்கு மேலேயோ கீழேயோ, அறுந்தால் அதில் விழக்கூடிய தூரத்திலோ ஏரியல் கட்டவே கூடாது.

எர்த்துக்குச் சரியான இடம் குளிக்கிற தண்ணீர் பாயும் வாழைமேடு. நாலடி ஆழக் குழி, அதில் ஓர் அங்குலத் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றி. நம் செம்மண், சரளை மண் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த்து இருந்தும் இல்லாததுபோல்தான். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். செட்டிலிருந்து குழாய்க்கு ஒயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ஏரியல் வீட்டுக்குள் நுழைவதற்கு முன், வெளிச்சுவரிலேயே கத்தி சுவிட்சு ஒன்று வைத்து, கேட்டு முடித்ததும் ஏரியலை எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். நேரடியாக விழும் இடியை இது தாங்காது. கம்பியில் தேங்கும் மின்னேற்றத்தை இறக்கிவிடும், அவ்வளவுதான். வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே சுவிட்சைத் தள்ளிவிடுங்கள். இடி கேட்ட பிறகு அதன் பக்கம் போகாதீர்கள்.

நீள ஏரியல் போட்டதும் இரண்டு நிலையம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்கிறதா? ஏரியல் ஒயருக்கும் செட்டுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்றைத் தொடராகப் போட்டால் பிரியும்.

டயலில் மீட்டர் என்று போட்டிருக்கிறது. கிலோஹெர்ட்ஸை எப்படித் தேடுவது? – உடுமலை வாசகர்

3,00,000-ஐக் கிலோஹெர்ட்ஸால் வகுங்கள். திருச்சியின் 936 என்பது 320 மீட்டர். கோவையின் 999 என்பது 300.

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்ததா? – கோபி வாசகி

இருந்தது. தபால் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1927-ல் 10 ரூபாய், பின்னாளில் 15. 1980-களில் எடுத்துவிட்டார்கள்.

கோவையிலேயே ரேடியோ செய்தார்களா? – சூலூர் வாசகர்

செய்தார்கள். கோவைத் தொழிலதிபர் ஜி.டி.நாயுடுவின் யு.எம்.எஸ். நிறுவனத்தின் பெயரில் செட்டுகள் வந்தன. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அவர் அறிவித்தார். ஐந்து வால்வு என்றால் வரும் அலையை மாற்ற ஒன்று, பெருக்க ஒன்று, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்க ஒன்று, ஸ்பீக்கரை ஓட்ட ஒன்று, ஏசியை டிசியாக்க ஒன்று.

அம்மாயி வீட்டுப் பரணில் கரண்டில் ஓடும் வால்வு செட்டு கிடைத்தது. 40 வருடமாகப் போடவில்லை. பிளக்கில் மாட்டிப் பார்க்கலாமா? – தாராபுரம் வாசகி

தயவுசெய்து வேண்டாம். முதல் பத்து வினாடியில் எரிந்து போவது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர்தான், அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது.

முதலில் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கரண்டு ஒயர் வந்துசேரும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாவிட்டால் (ஸ்பீக்கருக்கான சிறியது கணக்கில்லை) அது ஏசி-டிசி செட்டு. இரும்புச் சட்டமே கரண்டோடு சேர்ந்திருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலே அடிக்கும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

அந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், எலி கடித்த ஒயரை மாற்றி, தூசியைத் தூரிகையால் தட்டி, மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களைப் பாருங்கள். இவைதான் முதல் எதிரி. குறிப்பாகக் கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் 0.01 முதல் 0.05 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறி, வால்வு சிவந்து, கூடவே ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். சோதித்துக்கொண்டிருக்காமல் 630 வோல்ட் பாலியஸ்டர் கண்டென்சராக மாற்றிவிடுங்கள். டிசியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் பில்டர் கண்டென்சர்களையும் அதே அளவில், 450 வோல்ட்டில் மாற்றுங்கள். "பெரிசாப் போட்டா இரைச்சல் குறையும்" என்று 16 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 100 போட்டால், ஏசியை டிசியாக்கும் வால்வு தாங்காது.

பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் செட்டோடு தொடராக இணைத்து, சுவிட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். மங்கினால் அரை நிமிடத்தில் வால்வுகள் செந்நிறமாகும், லேசான இரைச்சல் கேட்கும். கடைசி வால்வின் கிரிட்டில் வோல்ட் பாருங்கள்; பாசிட்டிவ் எதுவும் காட்டக் கூடாது. அதன்பின்தான் பல்பை எடுத்துவிட்டு நேராக மாட்ட வேண்டும். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். நிறுத்திய பிறகும் பில்டர் கண்டென்சரில் அது தங்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே பிடித்து இறக்கிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.