சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

கேள்வி: எங்கள் மண்டபத்தில் ஆண்டுதோறும் காந்தி, மார்ட்டின் லூதர் கிங், மண்டேலா ஆகியோரின் படங்களுக்கு மாலையிட்டுச் சமாதான நாள் நடத்துகிறோம். இவ்வாண்டு, மலாயாவில் 1941இல் நடந்த கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் நினைவுகூர வேண்டும் என்று இளைஞர்கள் வற்புறுத்துகிறார்கள். கலகம் செய்தவர்களுக்குச் சமாதான மேடையில் இடம் கொடுக்கலாமா, ஐயா? – வாசகர், பந்திங்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். இடம் கொடுக்காமல் இருந்ததற்காகத்தான் நாம் வருந்த வேண்டும். நீங்கள் மாலையிடும் கிங், 1968 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அங்கே வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் துணை நிற்கவே போயிருந்தார். காந்தியோ 1913இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்து, அவர்களோடு எல்லையைக் கடந்து நடந்தவர். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, விடுதலையான சில நாட்களில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை நம் இனத்துச் சிறுமி. அவர்களைக் கலகக்காரர்கள் என்று நீங்கள் சொல்வதில்லையே!

கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி ஆகியவற்றோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் என் மனத்தை விட்டு அகலாத கோரிக்கை ஒன்று உண்டு. வேலை முடிந்து செம்மண் சாலையில் லயத்து வீட்டுக்குத் திரும்பும் தொழிலாளி, எதிரே வெள்ளைக்காரத் துரையோ, தோட்டத்து எழுத்தரான கிராணியோ வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்காலத் தோட்டத்து வழக்கம். அதை ஒழிக்க வேண்டும் என்றார்கள். மெம்பிஸ் தொழிலாளர்கள் கையில் ஏந்திய அட்டைகளில் 'நான் ஒரு மனிதன்' என்று எழுதியிருந்தது. நம் பாட்டன்மார் அதற்கு இருபத்தேழு ஆண்டுகள் முன்பே, காந்தி குல்லாய் அணிந்து, அதையே கேட்டார்கள்.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? தொழிலாளர்களுக்குத் தலைமை தாங்கியவரும் 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியராக இருந்தவருமான ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியபோது பிரிட்டிஷ் அரசு படையை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். துப்பாக்கி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்த பிறகு, கலகம் என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தாங்களே முடிவு செய்யுங்கள்.

இளைஞர்களைத் தடுக்காதீர்கள். நாதனின் படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கோரிக்கைகளைப் பெரிய எழுத்தில் எழுதி மண்டபச் சுவரில் மாட்டுங்கள். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் அவற்றை மேடையில் வாசிக்கட்டும். தோட்டத்தில் வளர்ந்த முதியவர்களை முன் வரிசையில் உட்கார வைத்து, அவர்களையும் பேசச் சொல்லுங்கள்.