கேள்வி – பதில்: மை பரவும் காகிதம்

கேள்வி: சீன ஓவியர் தூரிகையை வைத்தவுடன் மை மெல்லப் பரவி மூடுபனியாக மாறுவதைக் காணொளியில் கண்டேன். நம் கடைக் காகிதத்தில் அவ்வாறு வருவதில்லையே, ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் கண்டது பெரும்பாலும் ஷுவான் காகிதமாக இருக்கும். சீனாவின் ஆன்ஹுய் மாநிலத்து ஜிங் வட்டாரத்தில், சிங்தான் மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் கலந்து கையால் செய்யப்படுவது அது. அவற்றை அவித்து, மலைச்சரிவில் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் பரப்பி வெளுக்கவிடுகிறார்கள். காகிதம் எளிதில் மஞ்சளாகி நொறுங்காமல் இருப்பதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம். பிறகு கூழ்த்தொட்டியின் இருபுறமும் இருவர் நின்று, மூங்கில் தட்டியை ஒரே அசைவில் அமிழ்த்தித் தூக்க, ஒரு தாள் உருவாகிறது. கூழில் ஒருவகைக் கொடியின் வழவழப்பான சாறு கலந்திருப்பதால், ஈரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீர் பிழிந்தாலும் அவை கிழியாமல் பிரிந்துவருகின்றன. இக்கலையை யுனெஸ்கோ 2009இல் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது.

நம் எழுதுதாளில் மை ஊறாதிருக்கப் பசைப்பொருள் சேர்க்கிறார்கள். பதப்படுத்தாத ஷுவானில் அது இல்லாததால் இழைகள் மையை உடனே இழுத்துக்கொள்கின்றன, இட்ட கோட்டை மாற்றவும் முடியாது. நுண்கோட்டு ஓவியங்களுக்கென்று படிகாரமும் பசையும் பூசிய, மை பரவாத ஷுவானும் உண்டு. ஆகவே வாங்கும்போது ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்; சட்டென்று ஊறினால் அதுவே உங்களுக்கு வேண்டியது.