வேகம், தூரம், நேரம்: டீச்சரிடம் கேளுங்கள்

மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 2. சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள், கேள்வியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். (ஒரு தாய், செந்தூல்)

சூத்திரம் ஒன்றுதான் அம்மா: தூரம் = வேகம் × நேரம். இரண்டு வண்டிக்கும் எது சமம் என்று அவள் தேடுவதில்லை, அங்கேதான் சிக்கல். வண்டிக்கு ஒரு வரிசை வைத்து, வேகம், நேரம், தூரம் என்று கட்டம் போடச் சொல்லுங்கள். கட்டம் நிரம்பினால் சமன்பாடு கண்ணில் படும்.

கோலாலம்பூர், பினாங்கு இடையே 350 கிலோமீட்டர். காலை 8 மணிக்கு இரு ஊரிலிருந்தும் கார்கள் எதிரெதிரே கிளம்புகின்றன. கோலாலம்பூர் கார் மணிக்கு 90, பினாங்கு கார் 85. எப்போது சந்திக்கும்?

இங்கே நேரம் சமம். அதை 'நே' என்று வைப்போம். 90நே + 85நே = 350, அதாவது நே = 2. பத்து மணிக்குச் சந்திக்கும். கோலாலம்பூர் கார் 180 கிலோமீட்டர் வந்திருக்கும், வழியில் உள்ள ஈப்போவை இன்னும் எட்டியிருக்காது. விடையை இப்படிச் சாலையில் வைத்துப் பாருங்கள், தப்பு இருந்தால் அப்போதே தெரியும்.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். 80 வேகத்தில் போனால் 16 நிமிடம் என்று எழுதினேன், டீச்சர். தப்பு என்கிறார்கள். (படிவம் 1, பட்டர்வொர்த்)

வகுத்தது சரி தம்பி, 0.16875 வந்திருக்கும். ஆனால் அது மணி. தசமத்துக்குப் பின்னால் உள்ள 16-ஐ நிமிடமாக எடுத்துவிட்டாய். 60-ஆல் பெருக்கு: பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். என் வகுப்பில் அதிக மதிப்பெண்ணைத் தின்பது இந்தப் பிழைதான். 40 நிமிடத்தை 0.4 மணி என்று எழுதுவதும் இதே கதை, அது 2/3 மணி.

போகும்போது 60, திரும்பும்போது 90. சராசரி 75 தானே?

இல்லை, 72. தூரம் 180 என்று வைத்துப் பார்: போக 3 மணி, வர 2 மணி. மொத்தம் 360 கிலோமீட்டர், 5 மணி. மெதுவாகப் போன வேகத்தில் அதிக நேரம் இருந்தோம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டுமானால் நேரம் சமமாக இருக்க வேண்டும். இங்கே சமமாக இருப்பது தூரம்.

கேள்வி மலாயில் வந்தால் தடுமாறுகிறேன்.

லாஜு, ஜாராக், மாசா மூன்றும் வேகம், தூரம், நேரம். லாஜு புராத்தா என்றால் சராசரி வேகம். பெர்தோலாக் என்றால் புறப்படுதல். அந்தச் சொல்லை வட்டமிடு, யார் எப்போது புறப்பட்டார் என்பது அதை ஒட்டித்தான் இருக்கும்.

60 வேகத்தில் பஸ் கிளம்பி 20 நிமிடம் ஆனபின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் 80-இல் துரத்துகிறார். எப்போது பிடிப்பார்?

பிடிக்கும் இடத்தில் இருவரின் தூரமும் சமம். அண்ணன் ஓட்டிய நேரம் நே என்றால் பஸ்ஸுக்கு நே + 1/3. 60(நே + 1/3) = 80நே. அப்புறம் 20 = 20நே, ஆகவே ஒரு மணி நேரம். சரிபார்: அண்ணன் 80 கிலோமீட்டர், பஸ் 1 மணி 20 நிமிடத்தில் அதே 80.